மெயில் பாடம் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஆரி எம்பிராய்டரி, கேக் பேக்கிங், மாடித் தோட்டம் என்று ஆன்லைனில் வகுப்பு நடத்துபவர்கள் பலரும் இப்போது முன்னால் ஒரு இலவச மெயில் பாடத்தை வைக்கிறார்கள். பெயரும் மெயில் முகவரியும் கொடுத்தால் ஐந்தோ ஏழோ பாடங்கள் தானாக வரும். கடைசியில் கட்டண வகுப்புக்கு அழைப்பு இருக்கும். இதை அமைத்துக் கொடுப்பதும், நின்றுபோனால் சரிசெய்து கொடுப்பதும் என் வேலை. "பாடம் சரியா எழுதலையோ, மாத்தி எழுதிடட்டுமா?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் போனில் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். மெயில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும்வரை எழுத்தில் கைவைக்காதீர்கள்.

உதாரணத்துக்கு ஏழு பாடம் கொண்ட ஒரு ஆரி வகுப்பை வைத்துக்கொள்வோம். பாடங்களைத் தானாக அனுப்பும் மெயில் கருவியாக நீங்கள் மெயில்சிம்ப், மெயிலர்லைட், பிரெவோ, கிட், சோஹோ கேம்பெய்ன்ஸ் என்று எதைப் பயன்படுத்தினாலும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், பார்க்க வேண்டிய இடங்கள் மாறாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

சோதனைக்கு ஒரு வசதி இருக்கிறது. உங்கள் ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு எண்ணும் சேர்த்து ஃபார்மில் கொடுங்கள். மெயில் கருவி அதைப் புது ஆளாக எடுத்துக்கொள்ளும், ஆனால் மெயில் உங்கள் பெட்டிக்கே வரும். ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: பதிவு செய்தவருக்கு முதல் பாடமே வரவில்லை

முதலில், ஒருவருக்கு மட்டும் வரவில்லையா, யாருக்குமே வரவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

### ஒருவருக்கு மட்டும் என்றால்

அவர் பெயரைக் கருவியில் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் அவர் ஃபார்மை முழுதாக அனுப்பவில்லை. பெயர் இருந்தால் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், அல்லது 'காம்' என்று முடிய வேண்டியது 'கான்' என்று முடிந்திருக்கும்.

முகவரி சரி, ஆனால் நிலை 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்று காட்டுகிறதா? உங்கள் ஃபார்மில் இரட்டை ஒப்புதல் போட்டிருக்கிறீர்கள். அவர் உறுதிப்படுத்தும் மெயிலில் உள்ள பொத்தானைத் தொடவில்லை. அந்த மெயில் பெரும்பாலும் கருவி கொடுத்த ஆங்கிலத்திலேயே கிடக்கும். தமிழில் மாற்றி, "இதைத் தொட்டால்தான் பாடம் 1 வரும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். பதிவு செய்ததும் வரும் நன்றிப் பக்கத்திலும் அதையே சொல்லுங்கள்.

எல்லாம் சரி, மெயில் 'சென்றடைந்தது' என்றும் காட்டுகிறது, அவர் மட்டும் வரவில்லை என்கிறார் என்றால், எந்தப் பெட்டியைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். போன் வாங்கிய கடையில் தம்பி உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில் ஒன்று, பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காகத் திறந்தது இன்னொன்று என்று ஒரே போனில் இரண்டு கணக்குகள் இருப்பது சாதாரணம்.

### யாருக்குமே வரவில்லை என்றால்

ஆட்டோமேஷன் (பாடங்களை வரிசையாகத் தானாக அனுப்பும் அமைப்பு) ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. சில கருவிகளில் ஆட்டோமேஷன் ஓடிக்கொண்டிருந்தாலும் உள்ளே உள்ள ஒரு மெயில் மட்டும் 'வரைவு' நிலையில் இருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

அடுத்தது ட்ரிகர், அதாவது ஆட்டோமேஷனைத் தொடங்கிவைக்கும் நிபந்தனை. ஃபார்ம் சேர்ந்தவர் பெயரில் 'ஆரி-இலவசம்' என்ற டேக்கைப் (அடையாளச் சீட்டு) போடுகிறது, ஆட்டோமேஷனோ 'ஆரி இலவசம்' என்ற டேக்குக்காகக் காத்திருக்கிறது. நடுவில் ஒரு கோடு வித்தியாசம், கருவிக்கு இரண்டும் வேறு வேறு. ஃபார்மைப் புதிதாக வடிவமைத்த பிறகு நின்றுபோயிருந்தால் பழுது பெரும்பாலும் இங்கேதான்.

நீங்களே சோதித்துப் பார்த்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், உங்கள் முகவரி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. ஒருமுறை பாடத்துக்குள் போனவரைப் பல கருவிகள் மறுமுறை உள்ளே விடாது. மேலே சொன்ன கூட்டல் குறி முகவரி இதற்குத்தான்.

இதுவரை செலவில்லை. கடைசியாகத் திட்டத்தின் வரம்பைப் பாருங்கள். இலவசத் திட்டத்தில் அனுமதித்த பெயர்களோ மாதத்துக்கான மெயில்களோ தீர்ந்திருந்தால் ஆட்டோமேஷன் நின்றுவிடும். பணம் கட்டுவதற்கு முன், ஆறு மாதமாக எதையுமே திறக்காதவர்களை நீக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே இடம் கிடைத்துவிடும்.

## அறிகுறி 2: மெயில் வருகிறது, ஆனால் ஸ்பேமில் விழுகிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஜிமெயிலில் 'புரமோஷன்ஸ்' பகுதிக்குப் போவது ஸ்பேம் ஆகாது. அதுவும் இன்பாக்ஸின் ஒரு பகுதிதான். நீங்கள் விற்கிறீர்கள், ஜிமெயில் அதைக் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து தப்பிக்க உத்தி சொல்லித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். முதல் பாடத்திலேயே "இதற்கு 'வந்தது' என்று ஒரு வார்த்தை பதில் போடுங்கள்" என்று கேட்டால் போதும். பதில் போட்டவருக்கு அடுத்த பாடங்கள் முன்னால் வரும் வாய்ப்பு கூடும்.

உண்மையாகவே ஸ்பேமில்தான் விழுகிறது என்றால் இந்த வரிசையில் போங்கள்.

### அனுப்புநர் முகவரி ஜிமெயிலா?

கருவி மூலம் அனுப்பும்போது அனுப்புநர் முகவரி ஜிமெயிலில் முடியக் கூடாது. அது ஜிமெயிலின் டொமைன் (அட் குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர்), நீங்கள் அனுப்புவதோ வேறு ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து. வாங்கும் பக்கத்துக்கு அது ஆள்மாறாட்டம் மாதிரி தெரியும். சொந்த டொமைன் ஒன்று வாங்குங்கள், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சுற்றளவில் முடியும். மற்ற எல்லாச் சிகிச்சையும் இதற்கு அப்புறம்தான்.

### சொந்த டொமைன் இருக்கிறது, ஆனாலும் ஸ்பேம்

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, உங்களுக்கு வந்த பாட மெயிலின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் செயலியில் இது இருக்காது. மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகளைத் தேடுங்கள். எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல், டிகேஐஎம் என்பது மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து, டிமார்க் என்பது இவை பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்ற விதி. மூன்றுக்கும் 'பாஸ்' வேண்டும்.

டிகேஐஎம் வரியில் 'பாஸ்' என்று கண்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு டொமைன் பெயர் இருக்கும். அங்கே உங்கள் டொமைன் இருக்க வேண்டும். மெயில் கருவியின் டொமைன் இருந்தால் அவர்கள் கையெழுத்தில்தான் உங்கள் மெயில் போகிறது, உங்கள் டொமைனுக்கு டிகேஐஎம் இன்னும் போடவில்லை என்று அர்த்தம். டிமார்க் வரி 'ஃபெயில்' ஆவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

போட்டும் பிடிக்கவில்லை என்றால் டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைனுக்கான பதிவுகளை வைக்கும் இடம்) மூன்றைப் பாருங்கள்:

1. 'ஹோஸ்ட்' கட்டத்தில் முழுப் பெயரையும் ஒட்டியிருப்பீர்கள். பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைனைத் தாங்களாகவே பின்னால் சேர்த்துக்கொள்ளும். விளைவு, உங்கள் டொமைன் இரண்டு முறை ஒட்டிக்கொண்டு யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஒரு முகவரி. சேமித்த பிறகு பட்டியலில் அந்த வரி எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.
2. எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அலுவலக மெயிலுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்க, மெயில் கருவி சொன்னதைப் புது வரியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியாக இணைக்க வேண்டும். அந்த ஒரு வரிக்குள்ளும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. பழைய சேவைகளின் பெயர்களை எடுத்துவிடுங்கள்.
3. டிஎன்எஸ்ஸுக்குக் கிளவுட்ஃப்ளேர் என்ற சேவையைப் பயன்படுத்தினால், டிகேஐஎம்முக்கான சிநேம் வரியில் (வேறு ஒரு டொமைனைச் சுட்டும் பதிவு) ஆரஞ்சு மேகக் குறி எரிகிறதா என்று பாருங்கள். அது சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும்.

டிமார்க் பதிவே இல்லையென்றால் 'கண்காணிப்பு மட்டும்' என்ற நிலையில் ஒன்று போடுங்கள். எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று போட்டால் உங்கள் பில் மெயில்களே திரும்பி வரலாம். மாற்றம் பரவ ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம், ஒரே தொடுதலில் அன்சப்ஸ்கிரைப் செய்யும் வசதியும் கட்டாயம். நமக்கு அந்த எண்ணிக்கை வராதே என்று விடாதீர்கள். சிறிய அளவில் அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும்.

### மூன்றும் பாஸ், ஆனாலும் ஸ்பேம்

இப்போது உள்ளடக்கத்துக்கு வரலாம். பாடம் முழுவதையும் கேன்வாவில் ஒரே படமாகச் செய்து ஒட்டியிருக்கிறீர்களா? எழுத்தாக மாற்றுங்கள். லிங்க் சுருக்கிகளைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? உங்கள் தளத்தின் நேர் முகவரியையே கொடுங்கள். கருவி கேட்கும் அஞ்சல் முகவரியைக் கீழே போட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டத்தில் வணிக மெயிலுக்கு அது கட்டாயம். அதனால்தான் இங்கிருந்து அனுப்பும் நம்மிடமும் பல கருவிகள் கேட்கின்றன. வீட்டு முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவும் இல்லையென்றால் பட்டியலின் பிறப்பைப் பாருங்கள். கண்காட்சியில் சேர்த்த விசிட்டிங் கார்டுகள், தெரிந்தவர் கொடுத்த எக்செல் ஷீட், பழைய வாடிக்கையாளர் புத்தகம் என்று எதையாவது உள்ளே கொட்டியிருந்தால், அவர்கள் யாரும் பாடம் கேட்கவில்லை. கேட்காதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். உங்கள் மெயில் ஜிமெயிலில் எப்படிப் போகிறது என்று காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், டொமைனைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பேம் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூகுள் சொல்கிறது. 0.3ஐத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே சிக்கல். குறைவாக அனுப்புபவருக்கு அங்கே எதுவும் தெரியாமல் போகலாம், அப்போது கருவியின் ரிப்போர்ட்டில் உள்ள புகார் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத பெயர்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மனசு வராது, ஆனாலும் எடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: எஸ்பிஎஃப் வரிகளை இணைக்கக் கை வரவில்லை, அல்லது மேலே சொன்னது எல்லாம் முடித்து இரண்டு வாரம் ஆகியும் ஸ்பேம்தான் என்றால். வருபவருக்கு டிஎன்எஸ் பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கைவைப்பதற்கு முன் டிஎன்எஸ் பட்டியல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்பேம்ஹவுஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் டொமைன் இருப்பதாகச் சொல்லி, எடுத்துத் தர ஒரு தொகை கேட்டால் மறுத்துவிடுங்கள். காரணத்தைச் சரிசெய்த பின் ஸ்பேம்ஹவுஸ் தளத்திலேயே நீக்கக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

## அறிகுறி 3: பாடங்கள் நேரம் தவறியோ வரிசை மாறியோ வருகின்றன

காலை 9 மணிக்கு வைத்த பாடம் மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோ வருகிறதா? கணக்கின் நேர மண்டலம் நியூயார்க்கில் இருக்கிறது. செட்டிங்ஸில் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. பகல் இரண்டரைக்கு வந்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்).

ஒரே நாளில் இரண்டு பாடம் வந்தால், ஒருவர் இரண்டு ஃபார்ம் வழியாக வந்து இரண்டு ஆட்டோமேஷனுக்குள் இருக்கிறார். 'ஏற்கெனவே பாடத்தில் இருப்பவரை விடாதே' என்ற நிபந்தனையை இரண்டின் தொடக்கத்திலும் போடுங்கள்.

நடுவில் ஒரு பாடத்தைச் சேர்த்த பிறகு சிலருக்கு மட்டும் அது வராமல் போனால், அவர்கள் அந்த இடத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். தனியாக அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 4: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது மெயில் பாதியில் வெட்டுப்படுகிறது

எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், பாடம் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. டிடிபி சென்டரில் கொடுத்து அடித்த பாடங்களில் இது சகஜம். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் உங்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். மாற்றித் தரும் இலவசத் தளங்கள் உண்டு. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் 'ஸ்ரீ'யையும் ஒருமுறை படித்துச் சரிபாருங்கள்.

மெயிலின் அடியில் 'மெசேஜ் கிளிப்ட்' என்று வந்து பாடம் நின்றுவிட்டால், அளவு கூடிவிட்டது. ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். இதில் படங்களின் எடை சேராது, எழுத்தும் அதைச் சுற்றியுள்ள நிரலும்தான் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் தமிழுக்கு 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக இன்னொரு 3. அதனால் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வராத இந்தத் தொல்லை நமக்குச் சீக்கிரம் வரும். வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத நிரல் சேர்ந்து இன்னும் வீங்கும், வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள். அப்படியும் நீளம் என்றால் பாடத்தின் பின்பாதியைத் தளத்தில் வைத்து லிங்க் கொடுங்கள். அன்சப்ஸ்கிரைப் லிங்க் அடியில்தான் இருக்கும். வெட்டுப்பட்டால் அதுவும் கண்ணில் படாது, விலக நினைத்தவர் ஸ்பேம் பொத்தானுக்குப் போய்விடுவார்.

"வணக்கம் ," என்று பெயர் இல்லாமல் போகிறதா? பெயர் இல்லாதபோது என்ன வர வேண்டும் என்ற கட்டத்தில் 'தோழி' என்றோ 'நண்பரே' என்றோ போடுங்கள். என்னைக் கேட்டால் பெயரையே எடுத்துவிடலாம். பாதிப் பேர் இனிஷியலோடு பெரிய ஆங்கில எழுத்தில் கொடுத்திருப்பார்கள். தமிழ் வரியின் நடுவே அது ரேஷன் கார்டைப் படிப்பது போல இருக்கும்.

## அறிகுறி 5: முதல் பாடத்தைத் திறக்கிறார்கள், மூன்றாவதில் காணாமல் போகிறார்கள்

முதலில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தது முதல், ஐபோனில் ஆப்பிள் மெயில் வைத்திருப்பவர் பாடத்தைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகக் கணக்கு வரலாம். சில அலுவலக முகவரிகளில் பாதுகாப்பு மென்பொருளே எல்லா லிங்க்கையும் தொட்டுப் பார்க்கும். மெயில் போன சில நொடிகளில் ஒருவர் எல்லா லிங்க்கையும் தொட்டிருந்தால் அது மனிதர் இல்லை. வருகிற பதில்களும், வீட்டுப்பாடப் படங்களும்தான் நம்பத்தக்க கணக்கு.

எண் உண்மையாகவே விழுகிறது என்றால், மூன்றாம் பாடத்தைத் திருத்தாதீர்கள். இரண்டாம் பாடம் என்ன கேட்டது என்று பாருங்கள். நம் ஆரி வகுப்பில் முதல் பாடம் பொருள் பட்டியல்: ஆரி ஊசி, ஃபிரேம், துணி, பட்டு நூல். மறுநாள் காலையிலேயே இரண்டாம் பாடம் "சங்கிலித் தையல் போட்டுப் பாருங்கள்" என்கிறது. மாணவி ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குப் போவார், ஊசி இன்னும் கையில் இல்லை. மூன்றாம் பாடம் வரும்போது பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்.

இதற்கு இரண்டு வழி. பொருள் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலையை முதல் இரண்டு பாடங்களில் வைக்கலாம்: டிசைனை டிரேஸ் எடுப்பது, பீரோவில் உள்ள கல்யாண பிளவுஸை எடுத்து எங்கெங்கே சங்கிலித் தையல் இருக்கிறது என்று பார்ப்பது. இல்லையென்றால் முதல் பாடத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒரு ஞாயிறு வரும்படி இடைவெளி விடலாம். இன்னும் நல்லது, "ஊசி வாங்கிவிட்டேன்" என்று ஒரு பொத்தான் வைத்து, அதைத் தொட்டவருக்கு மட்டும் அடுத்த பாடத்தை உடனே அனுப்புவது. தொடாதவருக்கு மூன்று நாள் கழித்து ஒரு நினைவூட்டல். எல்லாக் கருவிகளிலும் இந்தக் கிளை இருக்காது, சிலவற்றில் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். முதல் இரண்டு வழிகளையும் செய்து பார்க்காமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

## அறிகுறி 6: ஏழு பாடமும் படிக்கிறார்கள், யாரும் வாங்கவில்லை

வகுப்பு லிங்க்கை யாரும் தொடவில்லை: லிங்க் ஏழாம் பாடத்தில் மட்டும் இருக்கிறதா? நான்காவதிலிருந்தே ஒரு வரியில் சொல்லத் தொடங்குங்கள். இன்னொன்று, சலுகைத் தேதி. தானாகப் போகும் மெயிலில் "தீபாவளிச் சலுகை, இந்த ஞாயிறு வரை" என்று எழுதி வைத்தால் அது தை மாதத்திலும் போய்க்கொண்டிருக்கும். ஏழு பாடத்திலும் தேதி, பண்டிகை, 'இந்த மாதம்' போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

தொடுகிறார்கள், பணம் கட்டவில்லை: உங்கள் போனிலேயே, ஜிமெயில் செயலிக்குள்ளிருந்து அந்த லிங்க்கைத் தொட்டு, யுபிஐயில் பணம் கட்டி முடியும்வரை போய்ப் பாருங்கள். லேப்டாப்பில் சோதிப்பது கணக்கில் சேராது. பாடம் தமிழில், பணம் கட்டும் பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் என்றால் அங்கேயே தயங்குவார்கள். சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் எண் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் கடைசிக் கேள்வியைக் கேட்டு முடிக்காமல் பணம் கட்டுபவர்கள் குறைவு.

## அறிகுறி 7: வாங்கியவருக்கும் "இன்னும் சேரவில்லையா?" என்று மெயில் போகிறது

இதில் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், நியாயம்தான். அவர் ஜிபேயில் அனுப்பி, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் போட்டிருப்பார். மெயில் கருவிக்கு அது எப்படித் தெரியும்? குறைவான மாணவர்கள் என்றால் தினமும் மாலை வாட்ஸ்அப்பைப் பார்த்து 'வாங்கியவர்' டேக்கைக் கையால் போடுங்கள். அந்த டேக் வந்ததும் பாடத்திலிருந்து வெளியேற்றும் விதியை ஆட்டோமேஷனில் வையுங்கள்.

பணம் கட்டும் பக்கம் இருந்தால் அதைக் கருவியோடு இணைக்கலாம். இணைத்தும் தவறுகிறது என்றால், அவர் பாடத்துக்கு ஒரு முகவரியும் பணத்துக்கு வேறு முகவரியும் கொடுத்திருக்கிறார். விற்பனை மெயிலின் அடியில் "ஏற்கெனவே சேர்ந்துவிட்டேன்" என்ற ஒரு லிங்க் வைத்து, அதைத் தொட்டால் டேக் விழும்படி செய்தால் பாதிச் சிக்கல் தீரும். வெப்ஹுக் (ஒரு சேவை இன்னொன்றுக்குத் தானாகத் தகவல் அனுப்பும் வழி) வைத்து இணைக்க வேண்டிய நிலை வந்தால் அது தெரிந்தவரிடம் கொடுங்கள், அரை நாள் வேலை.

## அறிகுறி 8: ஒரே இரவில் நூற்றுக்கணக்கான புதுப் பெயர்கள்

சந்தோஷப்படாதீர்கள். பெயர்க் கட்டத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள், முகவரிகள் எல்லாம் கேள்விப்படாத வெளிநாட்டு டொமைன்கள் என்றால் அது பாட், அதாவது ஃபார்மைத் தானாக நிரப்பும் நிரல். முதலில் ஆட்டோமேஷனை நிறுத்துங்கள், இல்லையென்றால் அந்த முகவரிகளுக்கெல்லாம் பாடம் போய், திரும்பி வந்து, புகாராகி, கருவி உங்கள் கணக்கையே முடக்கும். அந்த நேரத்தில் சேர்ந்தவர்களை மொத்தமாக வடிகட்டி நீக்குங்கள். ஃபார்மில் ரீகேப்சாவையும் (நிரப்புவது மனிதரா என்று சோதிக்கும் வசதி) இரட்டை ஒப்புதலையும் போட்ட பிறகு மறுபடி ஓடவிடுங்கள்.

கணக்கு ஏற்கெனவே முடங்கிவிட்டது என்றால் புதுக் கணக்கு திறந்து அதே பட்டியலை ஏற்றாதீர்கள். அங்கேயும் முடக்குவார்கள், டொமைனின் பெயரும் கெடும். முடக்கிய கணக்கிலிருந்து பட்டியலை இறக்கிக்கொள்ள விடுகிறார்களா என்று அன்றே பாருங்கள். அப்புறம் ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள்: ஃபார்ம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, பெயர்கள் எப்படிச் சேர்ந்தன, பாட் வந்த தேதி, நீக்கிய பெயர்களின் எண்ணிக்கை, இப்போது போட்டிருக்கும் தடுப்பு. கெஞ்சலோ கோபமோ வேண்டாம், இந்த ஐந்தும் ஒரே மெயிலில் இருந்தால் போதும்.